இரு துளைகளுடன் கூடிய தோல்

எரிவாயு மீட்டருக்குள் என்ன இருக்கிறது என்று பொதுமக்களில் யாரும் இதுவரை கவலைப்பட்டதாகத் தகவல் இல்லை. அரசு கவலைப்பட்டது. அந்தக் கவலையைத் தீர்க்க விழுப்புரம் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு வாடகைக் கட்டடத்தின் மாடியில் 'எரிவாயு அளவி உள்ளுறுப்புகள் ஒப்புதல் அலுவலகம்' என்று ஒன்றைத் திறந்தார்கள். அந்த மாடிக்கு நேர் கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் நான். பெயர் நடராசன். வீடு திண்டிவனத்தில். காலையில் ரயிலில் வந்து சாயங்காலம் ரயிலில் திரும்புகிறேன். அலுவலகம், அதிகாரி என்றாலே எனக்கு ஆகாது. மாடியில் ஃபைல் நகராமல் நின்றால்தான் கீழே என் மெஷின் ஓடும் என்பது வேறு விஷயம்.

அப்போது எங்கள் பக்கம் எரிவாயுவே கிடையாது. குழாய் கூட்டேரிப்பட்டு வரை வந்து, மயிலம் முருகனுக்கு வேண்டுதல் வைத்தது மாதிரி மூன்று வருடமாக அங்கேயே நின்றுகொண்டிருந்தது. ஆனால் எரிவாயு வருவதற்கு முன்னால் மீட்டர் வர வேண்டும். மீட்டர் வருவதற்கு முன்னால் அதன் உள்ளுறுப்புக்கு ஒப்புதல் வர வேண்டும். ஒப்புதல் வருவதற்கு முன்னால் அதிகாரி வர வேண்டும். ஆகவே முதலில் அதிகாரி வந்தார். துணை இயக்குநர் நெடுஞ்செழியன்.

அந்த வருடம் எல்லாருக்கும் இயற்கைப் பித்து பிடித்திருந்தது. பொம்மையார்பாளையத்தில் கடலைப் பார்த்த மாதிரி ஒரு விடுதியில் அதிகாரிகளுக்கு மூன்று நாள் கருத்தரங்கு நடந்தது. மூங்கில் டம்ளரில் சுக்குக் காபி, வாழைப்பட்டைத் தட்டில் கேப்பை அடை, ஏ.சி. அறையில் இயற்கைக் காற்றைப் பற்றிச் சொற்பொழிவு. மூன்றாம் நாள் மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு, ரப்பர் நம் மண்ணுக்கு அந்நியமானது என்று கண்டுபிடித்தார்கள். நெடுஞ்செழியன் ஒரு சணல் பையோடும் ஒரு தீர்மானத்தோடும் விழுப்புரம் திரும்பினார். மறுநாளே சுற்றறிக்கை. 'இனி இம்மாவட்டத்தில் பொருத்தப்பெறும் எரிவாயு அளவிகள் அனைத்திலும் செயற்கை ரப்பருக்கு மாற்றாக நெகிழ்தோல் உதரவிதானங்கள் மட்டுமே இடம்பெறுதல் வேண்டும்.'

அதை நானூறு காப்பி எடுத்துக் கொடுத்த எனக்கு உதரவிதானம் என்றால் என்னவென்று தெரியாது. எடுக்கச் சொன்னவர்களுக்கும் தெரிந்த மாதிரி இல்லை. எனக்குச் சொன்னவள் ஜெசிந்தா.

ஜெசிந்தா எங்கள் தெருக்காரி, அடுத்த வீடு. பதினெட்டு வருடம் ஒரு ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் மேசையில் நின்றவள். தோலைத் தடவிப் பார்த்தே இது கழுத்து, இது வயிறு, இது முதுகு என்று சொல்லிவிடுவாள். கம்பெனியை விட்டு வந்து, திண்டிவனம் தொழிற்பேட்டையில் பதினாலாம் நம்பர் ஷெட்டை வாங்கி, கூட மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டு தொழில் தொடங்கினாள். ஷெட்டுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. மார்ச் முப்பத்தொன்றுக்குள் ஏதாவது ஒரு பொருளுக்கு அரசு ஒப்புதல் வாங்கிக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஷெட் போய்விடும், மூன்று பெண்களும் பழையபடி விடியற்காலை கம்பெனி பஸ்ஸுக்கு ஓட வேண்டியதுதான்.

சுற்றறிக்கையைப் பார்த்துவிட்டு நேராக என் கடைக்கு வந்தாள்.

"அண்ணா, மீட்டருக்குள்ள ரெண்டு தோல் பை இருக்கும். அத்தத்தான் உதரவிதானம்ன்றாங்க. இது ரொம்பினா அது காலியாவும், அது ரொம்பினா இது காலியாவும். மூச்சு வுடற மாதிரி. எத்தினி மூச்சுன்னு முள்ளு எண்ணிக்கினே இருக்கும். அவ்ளோதாண்ணா மீட்டரு."

"இதுக்கு எதுக்கும்மா இம்மாம் பெரிய ஆபீசு?"

"வெளையாட்டு இல்லண்ணா. தோல் வெறச்சிப் போச்சின்னா முள்ளு கூட ஓடும், வூட்டுக்காரனுக்கு நஷ்டம். தொங்கிப் போச்சின்னா கம்மியா ஓடும், கம்பெனிக்கு நஷ்டம். யாரையும் ஏமாத்தாத தோல் ஒண்ணு பண்ணணும்."

பண்ணினாள். செம்மறித் தோலில் முதுகுப் பாகத்தை மட்டும் எடுத்து, காகிதம் மாதிரி சீவி, எண்ணெய் ஏற்றி, வட்டமாக வெட்டி, ஓரத்தில் மடிப்பு வைத்து நான்கு மாதம் உழைத்தாள். என் கடையில் வைத்து ஊதிக் காட்டினாள். சத்தமே இல்லாமல் எழுந்தது, சத்தமே இல்லாமல் அமர்ந்தது. எனக்குத் தொழில் தெரியாது, ஆனாலும் அழகாக இருந்தது என்று சொல்ல முடியும்.

ஜனவரியில் விண்ணப்பத்தோடு மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பத்து நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். ஜெராக்ஸ் கொடுக்கிற சாக்கில் நானும் கூடப் போனேன்.

நெடுஞ்செழியன் மேசையில் ஒரு சைக்கிள் பம்பும் ஒரு கிண்ணத்தில் சோப்பு நுரையும் இருந்தன. அதுதான் ஆய்வுக்கூடம். தோலை வளையத்தில் மாட்டி பம்பு அடித்தார். தோல் விசில் அடித்தது.

"தோல்ல ஓட்டை இருக்கும்மா" என்றார் வருத்தமாக. "ரெண்டு."

ஜெசிந்தா குனிந்து பார்த்தாள். நட்ட நடுவில், அளந்து வைத்த மாதிரி இரண்டு ஓட்டைகள்.

"சார், இது பஞ்சிங் மெஷின் ஓட்டை சார்!"

பதிவறை எழுத்தர் பூமாலை நிமிர்ந்து, "ஆமா, நான்தான் போட்டேன்" என்றார். இருபத்தாறு வருட சர்வீஸில் தன் கைக்கு வந்த எதையும் பஞ்ச் பண்ணாமல் விட்டதில்லை என்ற பெருமை அவருக்கு உண்டு. தோலுக்குப் பக்க எண்ணும் போட்டிருந்தார். பக்கம் 37.

"அப்ப அது நீங்க போட்ட ஓட்டை சார்."

"அது ஓட்டை அல்லம்மா. கோப்புத் துளை" என்று திருத்தினார் நெடுஞ்செழியன்.

"காத்துக்கு அது தெரியுமா சார்?"

நெடுஞ்செழியன் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை, அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது. பொறுமையாக விளக்கினார். "கோப்பில் இல்லாத பொருளை நான் சோதிக்க முடியாது. யாரோ கொண்டுவந்த ஏதோ ஒரு தோலை நான் ஏன் சோதிச்சேன்னு ஆடிட்ல கேட்பாங்க. கோப்பில் சேரணும்னா துளை போட்டு நாடா கோக்கணும். துளை போடலைன்னா அது உதிரித் தாள். சோதிச்சா கசியுது. கசிஞ்சா ஒப்புதல் தர முடியாது. இதுல நான் எங்கே தப்பு பண்ணேன், நீங்களே சொல்லுங்க."

உண்மையில் அவர் எங்கேயும் தப்பு பண்ணவில்லை. அதுதான் பேஜாராக இருந்தது.

"கவர்ல போட்டு, கவர ஓட்டை போடுங்க சார்."

"கவரில் இருந்தா அது முத்திரையிட்ட ஆவணம். அதைப் பிரிக்கும் அதிகாரம் இயக்குநருக்குத்தான்."

"இயக்குநர் எங்க சார்?"

"பணியிடம் காலி."

ஜெசிந்தா சும்மா விடவில்லை. அடுத்த தோலை ஓரத்தில் ஒரு சின்ன வாலோடு வெட்டிக்கொண்டு வந்தாள். வாலில் துளை போட்டுக்கொள்ளட்டும், வட்டத்தை விட்டுவிடட்டும் என்று. நெடுஞ்செழியன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"விண்ணப்பத்துல வட்டம்னு போட்டிருக்கீங்க. வட்டத்துக்கு வால் கிடையாதே?"

"வால்ல ஓட்டை போட்டுக்கினு அப்புறம் வெட்டிடுங்க சார்."

"கோப்பில் சேர்ந்த ஆவணத்தை வெட்டறதா? ஆறு மாசம் சிறைத் தண்டனைம்மா."

பூமாலை வாலை விட்டுவிட்டு நடுவில் பஞ்ச் பண்ணினார். நடுவில் மடித்துக் குறி பார்த்துத்தான் பஞ்ச் பண்ண வேண்டும் என்பது வழக்கம்.

மூன்றாவது தோலும் போயிற்று. மார்ச் இருபது ஆயிற்று. அன்றைக்கு ஜெசிந்தா என் கடை ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள். நான்தான் வழக்கம்போல அரசாங்கத்தைத் திட்டினேன். அவள் அதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, திடீரென்று தன் செருப்பைக் குனிந்து பார்த்தாள். வார் மாட்டும் ஓட்டைகளில் பித்தளை வளையம் அடித்திருந்தது.

"ஓட்டை போட்டே தீருவேன்றாங்க, நாமளே போட்டுக் குடுத்துட்டா இன்னாண்ணா?"

இருபத்தெட்டாம் தேதி நான்காவது தோல் வந்தது. நடுவில் அளவாக இரண்டு துளைகள், சுற்றிலும் பித்தளை வளையம், ஒவ்வொன்றையும் அடைக்க இறுக்கமான ஒரு பித்தளை பட்டன். பட்டனைக் கழற்றினால் நாடா கோக்கலாம், மாட்டினால் காற்று போகாது. பூமாலை கையில் வாங்கியதும் முகம் மலர்ந்துவிட்டார். இத்தனை வருடத்தில் அவருடைய கஷ்டத்தைப் புரிந்துகொண்டு யாரும் எதையும் செய்ததில்லையாம். பட்டனை மாட்டி பம்பு அடித்தார்கள். ஒரு நுரைகூட எழவில்லை. நெடுஞ்செழியன் எழுந்து நின்று கைகுலுக்கினார். முப்பதாம் தேதி ஒப்புதல் சான்று கையில் வந்தது. ஷெட் பிழைத்தது. நான் சான்றைப் பதினைந்து காப்பி கலரில் எடுத்துக் கொடுத்தேன்.

கலர் காப்பி எடுக்கும்போதே படித்திருக்க வேண்டும், படிக்கவில்லை. ஜெசிந்தா ரயிலில் படித்தாள். 'இரு துளைகளுடன் கூடிய வட்டவடிவ நெகிழ்தோல் உதரவிதானம்' என்றுதான் இருந்தது. பட்டனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறுநாள் ஓடினாள்.

"நாடா கோக்கறதுக்காகப் பட்டனைக் கழட்டினேன்" என்றார் பூமாலை. "இங்கதான் டிராயர்ல வெச்சேன். பெருக்கறப்ப போயிருக்கும்."

நெடுஞ்செழியன் சொன்னார். "ஒப்புதல் மாதிரி கோப்பில் இருக்கு. அதுல பட்டன் இல்லை. இனி நீங்க செய்யற ஒவ்வொண்ணும் ஒப்புதல் மாதிரியைப் போலவே இருக்கணும். ரெண்டு துளை கட்டாயம். பட்டன் கூடாது. முறைப்படி பச்சை நாடாவும் இருக்கணும், அதுக்கு மட்டும் நான் என் அதிகாரத்துல விலக்கு தர்றேன்."

"ஓட்டையோட வெச்சா மீட்டரே சுத்தாது சார்! காஸு ஒரு பக்கத்துலேந்து இன்னொரு பக்கம் பூந்து நேரா அடுப்புக்குப் போயிடும். முள்ளு எண்ணவே எண்ணாது."

"மீட்டர் சுத்துதா இல்லையாங்கறது சுழற்சிப் பிரிவு. அது இன்னும் தொடங்கல."

திண்டிவனத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கு முதல் கட்டமாக மீட்டர். ஆயிரத்து இருநூற்று இருபத்துநாலு தோல்கள். ஜெசிந்தாவும் மூன்று பெண்களும் நல்ல தோலாக வெட்டி, நல்ல மடிப்பாக வைத்து, கடைசியில் ஒவ்வொன்றின் நடுவிலும் இரண்டு ஓட்டை போட்டார்கள். ஓட்டை போடும் வேலையை மட்டும் அவள் வேறு யாரையும் செய்ய விடவில்லை. "பாவம் நாலு பேருக்கு எதுக்கு, எனக்கே இருக்கட்டும்" என்றாள்.

மீட்டர் வந்ததும் எங்கள் தெரு மாறிவிட்டது. காஸ் வராவிட்டாலும் மீட்டர் வாசலில் தெரிந்தது அல்லவா? மீட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். பொண்ணு பார்க்க வந்தவர்களிடம் மீட்டரைக் காட்டினார்கள். அரங்கநாதன் என்று ஓய்வு பெற்ற வாத்தியார், மீட்டர் தெரியவில்லை என்பதற்காக வாசலில் இருந்த செம்பருத்திச் செடியையே வெட்டினார். எங்கள் வீட்டு மீட்டருக்கு என் மனைவி வெள்ளையம்மாள் ஆயுத பூஜைக்கு மாலை போட்டாள். நான் கிண்டல் செய்தேன். மாலை வாங்கி வந்தது நான்தான்.

ஒரு பெரிய மனிதர் திறப்பு விழாவுக்கு வருகிறார் என்றதும், மூன்று வருடம் நகராத குழாய் கூட்டேரிப்பட்டிலிருந்து முப்பது நாளில் ஓடி வந்தது. பொங்கலுக்கு முன்னால் எங்கள் அடுப்பில் நீல நிறத்தில் நெருப்பு எரிந்தது.

மீட்டரில் முள் அசையவில்லை.

முதல் இரண்டு நாள் எல்லாரும் பயந்தோம். மூன்றாம் நாள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நடந்தோம். ஒரு வாரத்தில் தெருவே மணத்தது. வெள்ளையம்மாள் மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, கூடை கூடையாக அவித்தாள். குளிக்க வெந்நீர், துணி அலச வெந்நீர், ஆட்டுக்குட்டிக்கு வெந்நீர். மயிலத்திலிருந்து என் மச்சான் குடும்பம் குளிப்பதற்கென்றே வந்துபோனது. முதல் பில் வந்தது, பூஜ்யம். இருபது வருடமாக அரசாங்கத்தைத் திட்டாமல் ரயில் ஏறாதவன் நான். அந்த மாதம் ஒரு வார்த்தை திட்டவில்லை.

ஜெசிந்தா மட்டும் ஒரு டப்பா நிறைய பித்தளை பட்டனோடு வீடு வீடாக வந்தாள்.

"அண்ணா, ரெண்டே பட்டன். அஞ்சு நிமிஷ வேலை. நானே தெறந்து போட்டுட்டுப் போறேன். இது நா செஞ்ச தோலுண்ணா, பொய் சொல்லிக்கினு இருக்குது."

"யோவ், வாய மூடிக்கினு இரு" என்று உள்ளேயிருந்து வெள்ளையம்மாள் எனக்குச் சொன்னாள். நான் வாயை மூடிக்கொண்டு கதவையும் மூடினேன். அரங்கநாதன் வாத்தியார், "சீல் வெச்ச மீட்டரத் தொடறது சட்ட விரோதம்மா" என்று அவளுக்குப் புத்தி சொன்னார். அறுநூற்றுப் பதினோரு வீட்டில் ஒரு வீடும் திறக்கவில்லை. அறுநூற்றுப் பன்னிரண்டாவது அவள் வீடு. அதில் அவள் ஓட்டை இல்லாத இரண்டு தோல்களைப் போட்டுக்கொண்டாள்.

நான்கு மாதம் கழித்து நெடுஞ்செழியன் ஆய்வுக்கு வந்தார். பூமாலையும் வந்தார். ஊர் முழுக்க மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டு ஜெசிந்தா வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அங்கே முள் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னம்மா இது?" என்றார் நெடுஞ்செழியன்.

"ஓடுது சார். உள்ள சோறு வேவுது."

"அறுநூத்துப் பதினோரு மீட்டரும் ஒண்ணு போல பூஜ்யம் காட்டுது. இது ஒண்ணு மட்டும் வேற எதையோ காட்டுது. பழுது எதுல இருக்கும்னு நினைக்கறீங்க?"

"சார், அவங்க எல்லாரும் காஸு எரிக்கறாங்க!"

"எரிச்சா மீட்டர் காட்டியிருக்கும். ஒப்புதல் பெற்ற தோல். ஒப்புதல் கொடுத்தது நான்."

பழுதான மீட்டரைக் கைப்பற்றுவதற்கு மகஜர் எழுதினார்கள். அதற்கு அக்கம்பக்கத்தில் ஒரு சாட்சி வேண்டும். பூமாலை சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "நம்ம ஜெராக்ஸ் நடராசன் இருக்காரே" என்றார்.

ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். "அண்ணா, வேற ஒண்ணும் சொல்ல வாணாம். உங்க வூட்ல அடுப்பு எரியுதா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க."

என் வீட்டு ஜன்னல் வழியாக அவித்த மல்லாட்டை வாசனை வந்துகொண்டிருந்தது. நெடுஞ்செழியன்கூட ஒரு தடவை மூக்கை உறிஞ்சினார்.

"நாங்க பெரும்பாலும் ஓட்டல்லதான் சாப்பிடறது" என்றேன்.

கையெழுத்துப் போட்டேன். மூன்று இடத்தில் போடச் சொன்னார்கள், மூன்று இடத்திலும் போட்டேன். மீட்டரைத் திறந்து தோல்களை எடுத்தார்கள். அந்த வெயிலில் எண்ணெய் மினுங்க, ஒரு கீறல் இல்லாமல் இருந்தன. முதல் நாள் என் கடையில் ஊதிக் காட்டிய அதே மாதிரி. பூமாலை சணல் பையிலிருந்து பஞ்சிங் மெஷினை எடுத்து, நடுவில் மடித்து, குறி பார்த்து அழுத்தினார். சாட்சிப் பொருள், கோப்பில் சேர வேண்டும் அல்லவா? ஜெசிந்தா உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

நெடுஞ்செழியன் அந்தத் தோலை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "இப்போ ஒப்புதல் மாதிரிக்கு இணக்கமா இருக்கு" என்று திருப்தியாகச் சொன்னார்.

அவருடைய அறிக்கையை நான்தான் காப்பி எடுத்தேன். 'திண்டிவனம் நகரில் வழங்கப்பட்ட அறுநூற்றுப் பன்னிரண்டு இணைப்புகளிலும் கடந்த நான்கு மாதங்களில் எரிவாயுப் பயன்பாடு பூஜ்யம் எனக் கண்டறியப்பட்டது. ஒரு பழுதான அளவி சரிசெய்யப்பட்டது. இந்நகர மக்களுக்கு எரிவாயு தேவைப்படவில்லை என்பது ஐயமற நிறுவப்படுவதால், குழாயைக் கூட்டேரிப்பட்டோடு நிறுத்திக்கொள்ளப் பரிந்துரைக்கப்படுகிறது.'

நிறுத்திக்கொண்டார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இட்லி பாதி வேகும்போது அடுப்பு அணைந்தது. தெருவே அரங்கநாதன் வாத்தியார் வீட்டில் கூடிக் கொதித்தது. இது அநியாயம், ஜனநாயகப் படுகொலை, விடக்கூடாது என்றார்கள். எல்லாரையும்விட உரக்கக் கத்தினவன் நான். மனு எழுதினோம். அலுவலகம் கொடுத்த படிவத்தில்தான் எழுத வேண்டும், அதில் ஒரே ஒரு கட்டம் புதியது: 'மனுதாரர் இதுவரை பயன்படுத்திய எரிவாயுவின் அளவு.' அதன் கீழே பொடி எழுத்தில், 'மீட்டர் அளவுக்கு மேல் குறிப்பிடுவோர் திருடியவராகக் கருதப்படுவர்.'

நான் முதல் ஆளாக ஜெசிந்தா வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவளைத் தவிர அந்தக் கட்டத்தை யாரும் நிரப்ப முடியாது என்று எனக்குத் தெரியும். அவள் ஷெட்டிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். பழைய ஷூ கம்பெனிக்கே மேல்தோல் தைத்துக் கொடுக்கிறாள் இப்போது. ஒப்புதல் சான்று ஷெட் சுவரில் கலரில் தொங்குகிறது.

படிவத்தை முழுக்கப் படித்தாள்.

"நா போடறேண்ணா கையெழுத்து. நா எரிச்சேன், என் மீட்டரு காட்டுச்சி. அத ரிப்பேருன்னு நீதாண்ணா எழுதிக் குடுத்த." பேனாவை என்னிடமே திருப்பி நீட்டினாள். "மொதல்ல நீ எவ்ளோ எரிச்சன்னு எழுது. உங்கீழ நா போடறேன்."

நான் எழுதவில்லை. வாத்தியாரும் எழுதவில்லை. படிவம் தெருவின் கடைசி வீடு வரைக்கும் போய்விட்டு, ஒரு கையெழுத்தும் இல்லாமல் என்னிடமே வந்தது. கூட்டமாகக் கொடுக்கலாம் என்று அறுநூற்றுப் பன்னிரண்டு காப்பி வேறு எடுத்து வைத்திருந்தேன். பின்பக்கம் நல்ல வெள்ளையாக இருப்பதால், காலையில் மெஷின் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க தினமும் ஒன்றைப் போட்டுப் பார்க்கிறேன்.